நசுங்கிய குடமும் நடுப்பகல் வெயிலும்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் பாட்டியின் பித்தளைக் குடம் வயிற்றில் நசுங்கிக் கிடந்தது. மரச்சுத்தியலால் தட்டினேன். முதலில் இணங்கியது, பிறகு ‘டங் டங்’ என்று ஒலித்து முரண்டு பிடித்தது. அடி வாங்க வாங்கப் பித்தளை இறுகிப்போகும், மேலும் தட்டினால் விரிசல் விடும். சூடு காட்டினால்தான் இளகும்.

கேஸ் டார்ச்சை எடுத்து, வேலூர் வெயிலில், நடுமுற்றத்தில் உட்கார்ந்தேன். அதுதான் தவறு. அந்த வெளிச்சத்தில், சூடு போதும் என்று காட்டும் செந்நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைப் புகை எழுந்தபோதுதான் உறைத்தது: துத்தநாகம் எரிகிறது! பதறி அணைத்தேன். சூடு பட்ட இடத்தைத் தட்டியதும் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகிவிட்டது.

லாங்கு பஜாரில் பாத்திரம் பழுதுபார்க்கும் பெரியவர், “இருட்டில் காய்ச்சு தம்பி, மங்கலாகச் சிவந்ததும் நிறுத்து” என்றார். சிறிய மின் உலை வாங்கும் ஆசையையும் கைவிட்டேன். வெப்பம் சீராகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் குடம் அதற்குள் நுழைய வேண்டுமே! தவிர, அடியில் வெள்ளீயத்தை உருக்கி ஒட்டிய பற்று இருந்தது. முழுக் குடமும் சூடானால் சுமார் 230 டிகிரியிலேயே வெள்ளீயம் உருகிவிடும், பித்தளை இளகவோ 500-ஐத் தாண்ட வேண்டும்.

மாலையில் அடிப்பாகத்தில் ஈரத்துணி சுற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுடரை நகர்த்திக்கொண்டே காய்ச்சினேன். மங்கல் சிவப்பு வந்ததும் தண்ணீர் ஊற்றினேன்; எஃகு கடினமாவதுபோல் பித்தளை இதனால் கடினமாவதில்லை. இப்போது தட்டினால் ‘தொப்’ என்ற சத்தம். மூன்று முறை காய்ச்சியதில் நசுங்கல் நிமிர்ந்தது. புளி போட்டுத் தேய்த்ததும் கறுப்பு நீங்கியது. ஆரஞ்சுத் தோல் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்க வைத்திருக்கிறேன்.