தீக்காய வலிக்கு விஆரும் ஹிப்னாடிசமும்: எங்கே தப்பு நடக்கிறது?

தீக்காயத்தில் வலி ஒன்றல்ல, இரண்டு. படுத்திருக்கும்போதும் விடாமல் இருக்கும் எரிச்சல் ஒரு பக்கம். கட்டைப் பிரித்து, செத்த தோலை எடுத்து, புண்ணைக் கழுவித் திரும்பக் கட்டும்போது வரும் வலி இன்னொரு பக்கம். பெரிய காயம் என்றால் இந்த இரண்டாவது வலி வாரக்கணக்கில் தொடரும். மார்பின் போன்ற மருந்துகள் முதல் வலியை ஓரளவு அடக்கிவிடும், இரண்டாவதிடம் பல நேரம் தோற்றுப்போகும்.

அந்த இரண்டாவது வலிக்காகத்தான் 1996 வாக்கில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு முயற்சி தொடங்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹன்டர் ஹாஃப்மனும், ஹார்பர்வியூ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இருந்த டேவிட் பேட்டர்சனும் நோயாளியின் தலையில் விஆர் (மெய்நிகர் உண்மை) கவசத்தை, அதாவது கணினி காட்டும் கற்பனை உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோல் உணரவைக்கும் கண் கருவியை, மாட்டிவிட்டுப் புண்ணைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். முதலில் காட்டியது சிலந்திப் பயத்தைப் போக்குவதற்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த மென்பொருள்! அப்புறம்தான் தீக்காயத்துக்கென்றே ‘ஸ்னோவேர்ல்ட்’ வந்தது. பனிப் பள்ளத்தாக்கில் மெல்ல மிதந்துபோய், பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறியும் விளையாட்டு. மனதின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. வேறொன்று அதைப் பிடித்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பதே இதன் அடிப்படை.

முதல் தவறு, மருந்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பது. அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் 12 வீரர்களிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வழக்கமான வலி மருந்து கொடுத்து, ஒரே அமர்வில் பாதி நேரம் விஆரோடும் பாதி நேரம் இல்லாமலும் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். பத்துக்கு 6.25 என்று இருந்த உச்ச வலி 4.5 ஆனது. வலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நேரம் 76 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்கு இறங்கியது. நல்ல பலன்தான். ஆனால் 4.5 என்பது வலியே இல்லை என்று ஆகாது, அதுவும் மருந்து உள்ளே இருக்கும்போது! ஆரோக்கியமானவர்களுக்கு வெப்பத்தால் வலி உண்டாக்கி மூளையைப் படமெடுத்த ஆய்விலும், ஓபியாய்டு (மார்பின் வகை) மருந்தும் விஆரும் சேர்ந்தபோதுதான் பலன் அதிகம் தெரிந்தது.

அடுத்தது, ‘ஏதோ ஒரு திரையைக் காட்டினால் போதும்’ என்ற நினைப்பு. 2000இல் வந்த முதல் ஆய்வுக் கட்டுரையில் பதின்வயதுப் பையன்கள் இருவர். ஒரு நேரம் நிண்டெண்டோ வீடியோ கேம், ஒரு நேரம் விஆர். வலி தெளிவாகக் குறைந்தது விஆரில்தான். கண்ணுக்குத் தெரியும் பரப்பு அகலமாக, வெளியே கேட்கும் சத்தமும் வார்டும் மறைந்து, கைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். அதே சமயம் ரோலர் கோஸ்டர் போல ஆட்டிவைக்கும் விளையாட்டுகள் கூடாது. மருந்தால் ஏற்கெனவே குமட்டல் இருப்பவர் வாந்தி எடுத்துவிடுவார். ஸ்னோவேர்ல்டில் மெதுவாக, ஒரே பாதையில் போவதெல்லாம் யோசித்துச் செய்தது. கடையில் வாங்கிய கேமைப் போட்டுவிட்டு ‘விஆர் சரிவரவில்லை’ என்பது நியாயமில்லை.

நேரமும் முக்கியம். வலி உச்சத்துக்குப் போன பிறகு கவசத்தை மாட்டினால், கவனத்தை அதனிடமிருந்து பிடுங்குவது கடினம். கட்டைப் பிரிக்கத் தொடங்கும் முன்பே அவர் அந்த உலகத்துக்குள் போயிருக்க வேண்டும். நடுவில் ‘வலிக்கிறதா, வலிக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் உறவினரையும் சற்று வெளியே உட்கார வைப்பது நல்லது. அந்தக் கேள்வியே அவரைத் திரும்ப வார்டுக்கு இழுத்துவந்துவிடும்.

முகம், தலை வெந்தவருக்குக் கவசத்தை மாட்டுவது பெரிய தவறு. ராணுவ ஆய்வில் கருவியைத் தாங்கியில் பொருத்திக் கண்ணுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தலையில் எதுவும் படவில்லை. கிருமித்தொற்றும் அப்படித்தான். ஒருவர் முகத்திலிருந்து எடுத்ததை அப்படியே அடுத்தவருக்கு மாட்டினால், திறந்த புண் உள்ள வார்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வலிப்பு வருபவர், குழம்பிய நிலையில் இருப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஹிப்னாடிசத்துக்கு வருவோம். இதில் தப்பெண்ணம்தான் அதிகம். மேடையில் ஆளைக் கோழி மாதிரிக் கொக்கரிக்க வைப்பதைப் பார்த்துவிட்டு, சுயநினைவு போய்விடும் என்று நோயாளி பயப்படுகிறார். உண்மையில் அது தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. கவனம் ஓரிடத்தில் குவிந்து, சொல்லும் ஆலோசனை எளிதில் உள்ளே இறங்கும் நிலை. வலிக்கு இதைப் பயன்படுத்துவது புதிதும் அல்ல. ஈதர் மயக்க மருந்து அரங்கேறுவதற்கு ஓராண்டு முன்பே, 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் இதன் பழைய வடிவமான மெஸ்மரிசத்தில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்.

எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்கும் என்று நினைப்பதும் தவறு. பேட்டர்சன் குழு தன்னார்வலர்களிடம் சோதித்தபோது, ஹிப்னாடிசம் உதவியது அதற்கு எளிதில் வசப்படும் இயல்புள்ளவர்களுக்கு. விஆருக்கு அந்த வித்தியாசம் இல்லை. ஆகவே ஒன்று பலிக்காதவருக்கு மற்றொன்று பலிக்கலாம்.

இரண்டையும் சேர்த்த ‘விஆர் ஹிப்னாடிசம்’ வேறு கதை. அதிலும் அதே பனிப் பள்ளத்தாக்குதான். ஆனால் பனிப்பந்து கிடையாது. இறங்கிப் போகப் போக எண்கள் தோன்றும், பதிவுசெய்த குரல் உடலைத் தளர்த்தி, பின்னால் வரும் வலிக்கான ஆலோசனையைச் சொல்லும். இது புண் கழுவுவதற்கு முன்பே முடிந்துவிடும். விஆர் மட்டும் என்றால் அது ஓடும்போதுதான் உதவி. இதன் பலனோ கழற்றிய பிறகு வர வேண்டியது. ஹிப்னாடிசக் காட்சியை ஓடவிட்டுக்கொண்டே கட்டைப் பிரித்தால் இரண்டும் கெட்டது.

பேட்டர்சனின் ஹிப்னாடிச முறையில் இன்னொன்று உண்டு. செவிலியர் தோளைத் தொட்டதும் உடல் தளர வேண்டும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். அந்தத் தகவல் கேஸ் ஷீட்டில் இல்லாவிட்டால், ஷிஃப்ட் மாறி வரும் செவிலியர் நேராகக் கத்தரிக்கோலை எடுப்பார். நோயாளி அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.