நட்சத்திரக்குறியை விரிப்பது யார்? பல இயங்குதளச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸிலும் மேக்கிலும் ஒரு கட்டளையில் *.ஜேஎஸ் (அதாவது .ஜேஎஸ் என்று முடியும் எல்லாக் கோப்புகளும்) என்று எழுதினால், அதைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லே விரித்துவிடுவதால், பொருந்தும் கோப்பு இருக்கும்வரை நிரலிடம் நட்சத்திரக்குறி போய்ச் சேர்வதே இல்லை. விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டியோ அதைத் தொடாமல் அப்படியே நிரலிடம் ஒப்படைத்துவிடுகிறது.

இதனால் விளையும் தவறுகளில் நான் மிகவும் அஞ்சுவது, ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் கட்டளைகளைச் சேமித்து ஓட்டும் என்பிஎம் ஸ்கிரிப்டில் சோதனை/**/*.ஜேஎஸ் (எந்த ஆழத்துத் துணைக் கோப்புறையிலும் உள்ள சோதனைகள்) என்ற பாதையை மேற்கோள்குறி இல்லாமல், சோதனைகளை ஓட்டும் கருவியான மோக்காவுக்குக் கொடுப்பதாகும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் என்பிஎம் அந்த வரியை எஸ்எச் ஷெல்லிடம் தருகிறது. அங்கே இரட்டை நட்சத்திரம் பொதுவாக ஒற்றை நட்சத்திரமாகவே கொள்ளப்படும் என்பதால், ஒரே ஒரு துணைக் கோப்புறை ஆழத்தில் உள்ள சோதனைகள் மட்டும் ஓடுகின்றன. மேலே நேராக இருப்பவையும் அதைவிட ஆழத்தில் இருப்பவையும் விடுபட்டுப்போகின்றன. விண்டோஸில் மோக்காவே விரித்துக்கொள்வதால் அனைத்தும் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஓடாத சோதனை தோற்பதும் இல்லை. ஆகவே முடிவு வெற்றி என்று காட்டினாலும், ஓடிய சோதனைகளின் எண்ணிக்கை எல்லாத் தளங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

இதைத் திருத்த முனைபவர்கள் ஒற்றை மேற்கோள்குறியை இடுவது அடுத்த தவறு. சிஎம்டிக்கு அது வெறும் எழுத்து. பாதையோடு ஒட்டிக்கொண்டே நிரலுக்குப் போய்விடும். இரட்டை மேற்கோள்குறியே இரு பக்கமும் சரியாக வேலை செய்யும். என்பிஎம் ஸ்கிரிப்ட் எழுதப்படும் ஜேசன் கோப்பில் அதன் முன் பின்சாய்கோடு இட வேண்டும்.

சி மொழி நிரலைச் சோதிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தொகுப்பியில் (கம்பைலரில்) செட்ஆர்க்வி என்ற பொருள் கோப்பை இணைத்தால்தான் விரிவாக்கம் நடக்கும்; விண்டோஸுக்கான இன்னொரு தொகுப்பியான மிங்டபிள்யூவிலோ அது வழக்கமாகத் தானாகவே நடக்கும். ஒரே மூல நிரல், ஒரே விண்டோஸ், ஆனால் இரு நடத்தைகள்.

பொருந்தும் கோப்பு எதுவும் இல்லாதபோது பேஷ் என்ற ஷெல் நட்சத்திரக்குறியை அப்படியே விட்டுவிடும்; இஸட்எஸ்எச் என்ற ஷெல் பிழை காட்டி நிறுத்தும். கிடைக்கும் பெயர்களின் வரிசையையும் நம்பக் கூடாது: ஷெல்லில் அது மொழி அமைப்பைப் பொறுத்து மாறும், பைத்தானில் நட்சத்திரக்குறியை விரிக்கும் குளோப் எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை. ஒப்பிடும் முன் சோதனைக்குள்ளேயே வரிசைப்படுத்திக்கொள்வதும், பைத்தானில் ஷெல்லைத் தவிர்த்து, குளோப் விரித்துத் தரும் பெயர்களை, வேறு நிரல்களை இயக்கும் சப்பிராசஸுக்குப் பட்டியலாகக் கொடுப்பதும் என் பரிந்துரை.