அரூப உலோகச் சிற்பம் நிறுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் கைதேர்ந்த வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், கல்லூரி வளாகத்துக்கோ நிறுவன முகப்புக்கோ நவீன அரூபச் சிற்பம் (குறிப்பிட்ட உருவத்தைக் காட்டாத சிற்பம்) செய்விக்கும்போது, அதையும் ஒரு கேட் வேலையாகவே கருதிவிடுவதால் பல சிற்பங்கள் சில மழைக்காலங்களுக்குள் பொலிவிழந்து விடுகின்றன.

முதல் தவறு உலோகத் தேர்வில் நேர்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. எஸ்.எஸ். வகைகளில் ஒன்றான 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் அதில் நிக்கல் குறைவு, திறந்தவெளியில் எளிதில் கறைபடும். ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 தரத் தகடுதான் வேண்டுமென்றால், உலோகக் கலவையைக் குறிப்பிடும் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே முறை.

நல்ல தகடு வாங்கியும் பட்டறையில் கெடுத்துவிடுவது அதைவிட வருத்தமானது. பக்கத்திலேயே சாதாரண இரும்பைக் கிரைண்டரில் அறுக்கும்போது தெறிக்கும் பொறிகள் எஸ்.எஸ். பரப்பில் நுண்துகள்களாக ஒட்டிக்கொள்கின்றன. அன்று கண்ணுக்குத் தெரியாத அத்துகள்கள், ஐப்பசி மழை பட்டதும் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகளாக எழும்புகின்றன. இரும்புக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷ்ஷையும் கிரைண்டிங் வீலையும் எஸ்.எஸ். மீது வைப்பதாலும் இதுவே நிகழும். வெல்டிங் ஓரத்தில் தோன்றும் நீல, பொன்னிறச் சாயலை அழகென்று விட்டுவிடக் கூடாது. அதற்கடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருப்பதால், வெல்டிங் கறையை அகற்றும் பிக்ளிங் பேஸ்ட் கொண்டு அதை நீக்கியாக வேண்டும்.

உள்ளீடற்ற வடிவங்களின் அடியில் நீர் வடியத் துளை விடாமல் மூடுவதும், செம்புத் தகட்டை இரும்பு போல்ட்டால் நேரடியாகப் பிணைப்பதும் துருவை வலிந்து அழைப்பவை. வேலூர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 6 மீட்டர் நீளமுள்ள 304 உறுப்பு, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் அந்த விசை வெல்டிங்கின் மீதே விழும்.

இடத்தேர்வு பட்டறையின் கையில் இல்லை. அங்கும் கவனம் தேவை. சென்னை அருகே 1966இல் தொடங்கிய சோழமண்டலக் கலைக் கிராமத்தைச் சேர்ந்த சிற்பிகள் ஜானகிராம், நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்கள் பல, முன்னின்று பார்ப்பதற்கென அமைந்தவை. அத்தகைய படைப்பை ரவுண்டானா நடுவே வைத்தால் பாதிப் பேர் அதன் முதுகையே காண்பர். மாறாக, வெற்றிடங்களையே வடிவமாக்கிய சிற்பத்தைச் சுவரோடு ஒட்டி வைப்பது அதன் பொருளையே அழித்துவிடும்; அதற்குச் சுற்றிவர இடமும், நம்மூர்ப் பாறைக்குன்றுகளைப் போன்ற அமைதியான பின்னணியும் வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு முன் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்கும் வழக்கம் சிற்பத்தையும் விடுவதில்லை. கார்டென் என்னும் சிறப்பு எஃகின் துருநிறம் பழுதன்று. நனைந்தும் உலர்ந்தும் தானே உருவாக்கிக்கொள்ளும் காப்பு அது. எஸ்.எஸ். சிற்பத்துக்கோ மென்மையான சோப்பு நீரும் நல்ல தண்ணீரும் போதும். ஆசிட் கலந்த கழிவறைக் கிளீனரை அதன் அருகே கொண்டுபோகவே கூடாது.