அமெதிஸ்ட் வாங்கிவிட்டு வெயிலில் காயப் போடாதீர்கள்

கடையில் அமெதிஸ்ட் என்று விற்கும் ஊதா நிற செவ்வந்திக்கல்லை வாங்கியதும் பலர் செய்கிற முதல் வேலை, 'சக்தி ஏற்றுகிறேன்' என்று மொட்டை மாடியில் வைப்பது. அது என்ன வடகமா? படிகத்துக்குள் துளியூண்டு இரும்பு இருந்து, மண்ணுக்கடியில் பல காலம் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டு வந்த நிறம் அது. தொடர்ந்து வெயில் பட்டால் வெளுக்கும், வீட்டில் என்ன செய்தாலும் திரும்பி வராது. என் ஜன்னல் திட்டில் இரண்டு வருஷம் கிடந்த ஒரு அமெதிஸ்ட் படிகக் கொத்தில், சுவரைப் பார்த்த பக்கம் நாவல்பழ நிறத்தில் அப்படியே இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்த பக்கம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

சூடு இன்னும் மோசம். சுமார் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஊதா போய் மஞ்சளோ பழுப்போ ஆகிவிடும். சந்தையில் சிட்ரின் என்ற மஞ்சள் கல்லாக விற்பதில் நிறைய, இப்படிச் சுட்ட பிரேசில் அமெதிஸ்ட்தான். அதனால் மோதிரத்தைப் பெரிசாக்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கச் சொல்லி பத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் இது 7 என்றதும் கீறவே கீறாது என்று நினைக்காதீர்கள். மாணிக்கமும் நீலமும் 9, வைரம் 10, ஒரே டப்பாவில் போட்டால் அடி வாங்குவது இதுதான். வீட்டுத் தூசியிலேயே இதே கடினமுள்ள குவார்ட்ஸ் மணல் இருக்கும், உலர்ந்த துணியால் தேய்க்காமல் முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மிருதுவான பிரஷ், போதும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, வெள்ளி மோதிரம்தான் பாழாகும்.

போதையைத் தடுக்கும் கல் என்ற நம்பிக்கை உண்மையிலேயே பழசு, கிரேக்கத்தில் பெயருக்கே 'போதை ஏறாதது' என்றுதான் பொருள். ஆனால் மதுக்கடவுளிடமிருந்து தப்பிக் கல்லாகிப் போன பெண்ணின் கதையைக் கிரேக்கப் புராணம் என்று பரப்புகிறார்களே, அது 1576-ல் ரெமி பெல்லோ என்ற பிரெஞ்சுக் கவிஞர் கட்டியது.

பணம் போகிற இடம் வேறு. ஒரு காலத்தில் மாணிக்கத்துக்குச் சமமாக மதித்த கல்தான், பிரேசிலில் கொட்டிக் கிடப்பது தெரிந்த பிறகு விலை இறங்கிவிட்டது, ஆகவே 'அபூர்வம்' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். செயற்கைக் கல்லும் 1970-களிலிருந்து வருகிறது, வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்பவரை நம்ப வேண்டாம். சனிக்கு நீலத்துக்குப் பதிலாக இதைப் போடுவது உங்கள் நம்பிக்கை, ஆனால் நீலத்தின் விலையைக் கொடுத்து இதை வாங்குவது ஏமாற்றம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி ஊதா நீலம்' என்று சபிக்கப்பட்ட கல்லாகப் பேர்போன ஒன்று இருக்கிறது, அதுவே அமெதிஸ்ட்தான்! சந்தேகம் என்றால் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போங்கள், ஒரே அளவில் நீலம் ஒன்றரை மடங்கு கனமாக இருக்கும், நிமிஷத்தில் தெரிந்துவிடும்.