படுக்கை போட்ட வானா? டயரின் வயதைப் பாருங்கள்

போன கிழமை திருகோணமலையில், படுக்கையும் அடுப்பும் பூட்டிய வானில் ஊர் சுற்றுவது பற்றிய ஒரு நாள் கருத்தரங்குக்குப் போயிருந்தோம். கேட்டதில் உடனே கைகொடுத்தது டயர் விஷயம்தான்.

இந்த மாதிரி வான்கள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். அதனால் டயரின் பூ (தரையில் படும் வரிப் பகுதி) தேயாமல் புதிதுபோல இருக்கும், ரப்பரோ பழுதாகிக்கொண்டே வரும். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கிப் பொறித்திருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் இல்லாவிட்டால் வானுக்கு அடியில் டோர்ச் அடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதை, பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். ஸ்பெயார் டயரை மறக்கவே வேண்டாம். எங்களுடையதில் 2011 என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்றே புதிது வாங்கினோம்.

அப்புறம், காற்றை விடியற்காலையில், ஓடத் தொடங்குமுன் அளவிடுங்கள். ஓடிய டயரில் அழுத்தம் கூடிக் காட்டுவது இயல்பு, அதற்காகக் காற்றைத் திறந்து விடாதீர்கள். தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர், பொதிகள் எல்லாம் ஏற்றிய பாரத்துக்குரிய அளவே சரி.

மறுநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு, ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குத் திரும்பினோம். பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் யானை குறுக்கிடலாம். அதனால் வெயில் இருக்கும்போதே வீடு சேரும்படி புறப்படுங்கள்.