புதிதாகத் திறந்த வீட்டுச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு

ஒரு குடும்பம் தன் வீட்டுச் சமையலை நம்பிக் கடை திறப்பது சின்ன காரியம் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் பகுதியைச் சுற்றியே இப்படிச் சில கடைகள் வந்திருக்கின்றன. வீட்டு முன்னறையில் நாலைந்து மேசை, வாசலில் ஒரு கரும்பலகை, அடுப்படியில் அம்மா, கல்லாவில் அப்பா, இலை போட மகனோ மருமகளோ. அதில் சில கடைகள் வருஷம் திரும்புவதற்குள் மூடியும் விடுகின்றன. சமையல் சரியில்லாமல் மூடுவதும் உண்டு. ஆனால் வந்தவர்கள் தவறான நேரத்தில் வந்து, அந்த வீட்டுக்குக் கைவராத ஒன்றைக் கேட்டுச் சாப்பிட்டு, ஒரே இலையில் முடிவு கட்டிவிட்டுப் போனதால் நொடித்த கடைகளும் உண்டு. நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரிய பாத்திரத்தில் ஆக்குவதன் கஷ்டம் தெரியும். அதனால்தான் சொல்ல வருகிறேன்.

திறப்பு நாளன்று போய் வாழ்த்திவிட்டு வாருங்கள், சாப்பிடவும் செய்யுங்கள். அன்றைய சாப்பாட்டை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலும் கல்யாண வீடுகளுக்கு ஆக்கும் தவசுப்பிள்ளை யாரையாவது வரவழைத்திருப்பார்கள். கேசரி, வடை, பாயசம் என்று எல்லாம் இருக்கும், அந்த வீட்டு அம்மாவின் கை மட்டும் இருக்காது.

அடுத்த சில வாரங்கள் ருசி முன்னே பின்னே இருக்கும். ஆறு பேருக்கு ஆக்கிப் பழகியவர் அறுபது பேருக்கு ஆக்கும்போது எல்லாவற்றையும் பத்து மடங்கு போட்டால் சரியாக வராது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அந்த அளவுக்கு வற்றாது. பத்து மடங்கு தண்ணீர் வைத்தால் குழம்பு நீர்த்துப் போகும். நீர்த்த குழம்பில் உப்புப் பார்த்துப் போட்டு, அப்புறம் சுண்ட வைத்தால் உப்புக் கரிக்கும். சோறும் அப்படித்தான். அண்டாவில் அடுப்பை அணைத்த பிறகும் சூடு உள்ளேயே நிற்கும், அடியில் இருப்பது குழைந்துவிடும். வடித்தவுடன் பரத்திக் கொட்ட இடம் வேண்டும், வீட்டு அடுப்படியில் அது ஏது? எங்கள் சத்துணவுக் கூடத்துக்குப் புதிதாக வரும் சமையலர்கள் எல்லோருமே இந்தத் தடுமாற்றத்தைத் தாண்டித்தான் போனார்கள். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்களுக்கும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

அப்படியானால் முதல் மாதம் போகவே வேண்டாமா என்று கேட்டால், கட்டாயம் போக வேண்டும். கடைக்கு அப்போதுதான் ஆள் தேவை. முடிவு சொல்வதை மட்டும் இரண்டாவது தடவைக்குத் தள்ளிப் போடுங்கள்.

கிழமையும் நேரமும் முக்கியம். ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு வேலை நாளில், மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகாலுக்குள் போய் உட்காருங்கள். சின்ன அடுப்படியில் கூட்டும் பொரியலும் ஒரு தடவைதான் ஆக்குவார்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் அப்பளமும் ஊறுகாயும் வைத்துச் சமாளிக்கத்தான் முடியும், அதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது. திருநெல்வேலி டவுணில் உள்ள கடை என்றால் ஆனித் தேரோட்டம் நடக்கும் நாட்களில் போக வேண்டாம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது, அவர்களும் கூட்டத்துக்குப் பரிமாறி முடிக்கத்தான் பார்ப்பார்கள்.

பலகையில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு போட்டிருந்தால் முதல் தடவை அளவுச் சாப்பாடு வாங்குங்கள். வயிற்றில் கொஞ்சம் இடம் வேண்டும். பலகையில் எழுதாத ஒன்றைக் கேட்டு வாங்குவதற்குத்தான் அந்த இடம்.

வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘அக்கா, இன்னைக்கு நீங்க என்ன சாப்பிடப் போறிய?’ கல்லாவில் இருக்கும் அண்ணாச்சியிடம் இதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் பலகையைத்தான் காட்டுவார். ஆக்குகிறவரிடம் கேளுங்கள். பலகை ஊருக்காக எழுதியது. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று எல்லாக் கடையிலும் இருப்பதுதான் அதில் இருக்கும். அந்தக் குடும்பம் தலைமுறையாகச் சாப்பிட்டு வருவது வேறொரு சின்னப் பாத்திரத்தில், அவர்களுக்காக மட்டும், பின்னால் இருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை. நான் இப்படிக் கேட்டதற்கு அந்தம்மா தயங்கித் தயங்கி, ‘எங்களுக்கு உளுந்தஞ்சோறுக்கா. விக்குமோ என்னவோன்னு போர்டுல எழுதல’ என்றார். ஒரு கரண்டி வைக்கச் சொன்னேன். அன்றைக்கு இலையில் விழுந்ததிலேயே அதுதான் உயர்ந்தது. தோல் நீக்காத கறுப்பு உளுந்தம்பருப்பை வாசம் வர வறுத்து, அரிசியோடு பூண்டும் கொஞ்சம் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வேகவைப்பது. பொம்பளைப் பிள்ளைகள் பெரிய மனுஷியானால் இடுப்புக்குப் பலம் என்று இங்கே ஆக்கிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் வேண்டும், சாம்பார் ஊற்றினால் உளுந்தின் வாசம் போய்விடும். இதைச் சோதிக்க வழி எளிது. சூடாக இருக்கும்போது கையில் உருட்டினால் உருண்டை பிடிக்கலாம், ஆனால் விரலில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பாக இருக்கக் கூடாது. பூண்டு முழுசாகத் தெரிய வேண்டும், அழுத்தினால் மசிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும் என்பதால் பார்சலுக்கு இது லாயக்கில்லை, உட்கார்ந்து சாப்பிடுங்கள். இப்போது அந்தக் கடைப் பலகையில் புதன்கிழமைக்கு உளுந்தஞ்சோறு என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. அதற்கென்றே மேலப்பாளையத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறது.

சொதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக் கடை என்றதும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தில் சொதிக்குத்தான் முதல் இடம், மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். அது பெரும் சமையலுக்கு எளிதில் வசப்படாத குழம்பு. தேங்காயை மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பால் நடுவில், கெட்டியான முதல் பால் கடைசியில். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். ஆக, ஆக்கி வைத்ததைத் திரும்பத் திரும்பச் சூடுபண்ணிப் பரிமாற முடியாது. தினமும் சொதி என்று ஒரு புதுக்கடை எழுதியிருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் முன்கூட்டிச் சொன்னால் என்று எழுதியிருந்தால் நம்பி முன்பதிவு செய்வேன்.

இலையில் சொதி விழுந்ததும் பாருங்கள். பாசிப்பருப்பு கரைந்து, பால் வெள்ளையாக, லேசான மஞ்சள் சாயலோடு இருக்க வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்து, அடியில் துருவல் துருவலாக நின்றால் கொதித்துவிட்டது என்று அர்த்தம். காரம் பச்சை மிளகாயிலும் இஞ்சியிலும் இருந்து வர வேண்டும், மிளகாய் வத்தல் பொடி சேரவே கூடாது. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாம் உருத் தெரிய வெந்திருக்க வேண்டும். கூடவே இஞ்சிப் பச்சடி வருகிறதா என்று பாருங்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், அதற்காகத்தான் இஞ்சி. கேட்காமலே இஞ்சிப் பச்சடி வைக்கிற வீடு சொதி தெரிந்த வீடு. அப்பளமோ உருளைக்கிழங்கு வறுவலோ இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை.

சாதாரண நாளில் ரசத்தையும் வெறும் சோற்றையும் பாருங்கள். எதுவும் ஊற்றுவதற்கு முன் ஒரு பிடி சோற்றை எடுத்து அப்படியே வாயில் போடுங்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 மாதிரிக் குண்டரிசி போடும் கடைகளும் உண்டு, பொன்னி போடும் கடைகளும் உண்டு. எது என்பது முக்கியம் இல்லை, காலையில் வடித்த வாடை இல்லாமல் இருக்க வேண்டும். ரசம் கொதித்துக் கொதித்து நின்றிருந்தால் மல்லித்தழை கறுத்து, புளி கசப்பு தட்டும்.

மீன் சாப்பாடு போடும் கடை என்றால் காலண்டரைப் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு போகாது. அந்தச் சமயம் நெய்மீன் வறுவல் கேட்டால் ஐஸில் கிடந்து தூரத்திலிருந்து வந்ததுதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள், ஆகவே கரையோரம் கிடைக்கும் சின்ன மீன் என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். சாளைக் குழம்பு வைத்திருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். எதுவும் வரவில்லை, கருவாட்டுக் குழம்புதான் என்று சொல்லும் கடை நேர்மையான கடை.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் சுவரில் மாட்டியிருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் பில்லிலும் இருக்க வேண்டும். இல்லை என்றால் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள், பல குடும்பங்களுக்கு இது தெரியாது. சட்டியில் எண்ணெய் கறுத்து நுரைத்துக் கிடந்தால் வடையை விட்டுவிடுங்கள். தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பரிமாறினால் வாழை இலை கேளுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவது உடம்புக்கும் கேடு. பார்சல் வாங்க வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டு போங்கள். கொண்டு போகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூட வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளையோ, லீவு நாளில் வீட்டில் இருக்கும் பிள்ளையோ தண்ணீர் வைத்துவிட்டுப் போனால் அது குடும்பத்துக்கு உதவி. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் சொந்தக் குடும்பத் தொழிலில் அந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது. பள்ளி நடக்கும் நாளில், மதியம் ஒரு மணிக்கு, பதினாலு வயது நிறையாத பிள்ளை இலை எடுத்துக்கொண்டிருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். என்ன வகுப்பு படிக்கிறாய் என்று பிள்ளையிடமே பிரியமாகக் கேளுங்கள், அப்புறம் பெற்றவர்களிடம் பேசுங்கள். பெரும்பாலும் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

பணம் கொடுக்கும்போது தெரிந்தவர், சொந்தக்காரர் என்று குறைத்துக் கொடுக்காதீர்கள், கடன் சொல்லாதீர்கள். இந்தக் கடைகளுக்குத் தினமும் சாயங்காலம் வரும் காசில்தான் மறுநாள் காய்கறி. அவர்களாகவே வேண்டாம் என்றாலும் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.

குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் போய்விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டம் குறைந்த பிறகு, ஆக்கியவரைப் பார்த்து, ஒரே ஒரு குறையைச் சொல்லுங்கள். ‘நல்லாவே இல்ல’ என்பதால் யாருக்கும் லாபம் இல்லை. ‘ரசத்துல புளி தூக்கலா இருந்துச்சுக்கா, கொஞ்சம் கம்மி பண்ணலாம்’ என்றால் நாளைக்கே மாற்றிவிடலாம். நன்றாக இருந்ததையும் பேர் சொல்லிச் சொல்லுங்கள், அடுத்த வாரம் அதைத் துணிந்து பலகையில் எழுதுவார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள். சொன்னது மாறியிருந்தால் அந்தக் கடை நிலைக்கும் என்று நான் நினைப்பேன். மாறவில்லை, இன்னும் மோசம் என்றால் பிறகு போகாமல் இருப்பது உங்கள் விருப்பம்.

கூகுளில் எழுதுவதானால் இரண்டாவது தடவைக்குப் பிறகு எழுதுங்கள். என்ன கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்தப் பதார்த்தம், என்ன விலை, கார் நிறுத்த இடம் உண்டா, வயதானவர்கள் ஏறப் படி உயரமா, கை கழுவும் இடம் எங்கே என்பதையெல்லாம் எழுதினால் அடுத்து வருகிறவருக்கு உதவும். சாப்பாட்டைப் படம் எடுங்கள், அடுப்படியையும் அந்த வீட்டுப் பெண்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள். சொதிக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றால் அதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள், தூத்துக்குடியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வண்டி பிடித்து வந்து ஏமாறாமல் இருப்பார்கள்.