மாறிகளும் தரவு வகைகளும்: பிழைச்செய்தி வராத தவறுகள்

வேளச்சேரியில் நிரல் எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பு எடுக்கிறேன். மாறி என்பது நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்; அது எண்ணா, எழுத்தா என்று சொல்வது தரவு வகை. நாங்கள் கற்ற காலத்தில் விழுந்த பள்ளத்திலேயே புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன மேற்கோள்குறி போன்றவற்றைக் கணினியே சுட்டிக்காட்டிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இலக்கங்களைக் கண்டதும் இன்ட்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புரசைவாக்கத்துத் துணிக்கடை ஒன்றுக்கு, சரக்கு அனுப்புகிறவர்களின் பட்டியலை ஒரு மாணவர் எழுதிக் கொடுத்தார். தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாமே இன்ட், அதாவது முழு எண் வகை. முன்னால் வரும் பூஜ்யத்தை அது வைத்துக்கொள்ளாது. சென்னையின் 044 வெறும் 44 ஆனது. "முன்னால் ஒரு பூஜ்யத்தை ஒட்டிவிடலாம், சார்" என்றார். தொலைபேசிக்குச் சரி, கணக்கு எண்ணுக்கு? அதன் நீளம் வங்கிக்கு வங்கி மாறும். முன்னால் இருந்தது ஒரு பூஜ்யமா, மூன்றா என்பதை அந்த மாறியிடம் கேட்டால் தெரியாது. அனுப்பிய பணம் திரும்பி வந்தது. கடைக்காரர் ஒவ்வொருவரையும் அழைத்து எண்களை மறுபடி எழுதி வாங்கினார்.

நிரலுக்குள் 044 என்றே எழுதினால் இன்னும் வேடிக்கை. சி, ஜாவா என்ற நிரல் மொழிகள் இரண்டும் அதை எட்டடிமான (பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்ட) எண்ணாகக் கொண்டு 36 என்று படிக்கும். பைதான் 3 ஏற்கவே மறுக்கும்; அதுவே மரியாதை. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740993 என்று கொடுத்தால் 9007199254740992 ஆகிவிடும். கடைசி இலக்கம் மாறியதற்கு ஒரு எச்சரிக்கைகூட வராது.

எதை எண்ணாக வைப்பது? கணக்குப் போட்டால் அர்த்தம் வருமா என்று பாருங்கள். தி.நகரின் 600017-க்கும் மயிலாப்பூரின் 600004-க்கும் சராசரி 600010.5. 600010 கீழ்ப்பாக்கம், அந்த அரைக்குத் தபால்காரர் எங்கே போவார்? பின்கோடு, தொலைபேசி, கணக்கு எண், ஆதார் எல்லாமே ஸ்ட்ரிங்தான், அதாவது எழுத்துகளாகவே வைக்கும் வகை.

பணத்துக்கு ஃப்ளோட்

ஃப்ளோட் என்பது புள்ளி வைத்த எண்களுக்கான வகை. அதில் 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 வரும். பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள், அல்லது 0.1-ஐ 0.1 ஆகவே வைக்கும் டெசிமல் வகையை எடுங்கள்.

இன்புட் தருவது ஸ்ட்ரிங்

பைதான் 3-இல் பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளையால் 500-ஐயும் 40-ஐயும் வாங்கி அப்படியே கூட்டினால் 50040.

அ, ஆ, இ என்று மாறிக்குப் பெயர்

வேண்டாம்.

வெறுமைக்குப் பூஜ்யம்

தேர்வுக்கு வராதவருக்கு 0 போட்டால் வகுப்பின் சராசரியே சரியும். பைதானில் 'மதிப்பு இல்லை' என்று குறிக்க 'நன்' (None) இருக்கிறது. சராசரி எடுக்கும் முன் அவர்களைக் கழித்துவிடுங்கள்.